டாக்டரிடம் கேளுங்கள்: ஒரு பிரதி போனால் என்ன, இரண்டும் போனால் என்ன?

இந்த மாதம் வந்த கடிதங்களில் புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்கள் பற்றியவையே அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, ஒரு புற்றுநோய் மருத்துவரும் ஒரு மரபியல் ஆலோசகரும் பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: புற்றுநோயை உண்டாக்கும் மரபணு, தடுக்கும் மரபணு என்று இரண்டு வகை சொல்கிறார்கள். முதலாவது ஆக்சிலரேட்டர், இரண்டாவது பிரேக் என்று உதாரணமும் தருகிறார்கள். இது சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பாதி சரி. ராஸ் போன்ற ஆக்சிலரேட்டர் வகையில் ஒரு பிரதி கெட்டாலே காரியம் கெட்டுவிடும். கெட்டது ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும், பக்கத்தில் நல்ல பிரதி இருந்தும் பயனில்லை. தடுப்பு வகையில் கதை வேறு. ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று போனாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். ஒரே செல்லில் இரண்டும் போனால்தான் அந்தச் செல்லுக்குத் தடை இல்லாமல் போகும்.

இது வெறும் ஊகம் அல்ல. 1969-இல் ஆக்ஸ்போர்டில் ஹென்றி ஹாரிஸ் குழுவினர் புற்றுநோய் செல்லையும் சாதாரண செல்லையும் ஒட்டவைத்து ஒரே செல்லாக்கினார்கள். அந்தக் கலப்புச் செல்லை எலிக்குள் செலுத்தியபோது கட்டி வளரவில்லை. நல்ல செல்லிலிருந்து வந்த ஏதோ ஒன்று புற்றை அடக்கியது. கலப்புச் செல்கள் பிரியப் பிரிய சில குரோமோசோம்களை உதிர்த்தன. அதற்குப் பிறகு கட்டி திரும்ப வந்தது.

உதாரணம் இடறும் இடம் ஒன்று உண்டு. ஆர்.பி.1, டி.பி.53 போன்றவற்றை பிரேக் என்று சொல்லலாம். பி.ஆர்.சி.ஏ., எம்.எல்.எச்.1 போன்றவை பிரேக் அல்ல, ஒர்க்‌ஷாப். டி.என்.ஏ.வில் விழும் பழுதைச் சரிசெய்வதே அவற்றின் வேலை. அவை போனால் செல் உடனே வேகமாகப் பிரியாது. பழுதுகள் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் பிரேக் மரபணு ஒன்றும் உடையும். குடும்பத்தில் பி.ஆர்.சி.ஏ. பழுது இருப்பவர்களுக்குக் கூட 30, 40 வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் நோய் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: என் பையனுக்கு 1 வயது 2 மாதம். போட்டோ எடுத்தால் இடது கண்மணி மட்டும் வெள்ளையாக விழுந்தது. காட்டியதில் இரண்டு கண்ணிலும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்று என்றார்கள். எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் யாருக்கும் இது கிடையாது. நான் இப்போது 5 மாதம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் வருமா?
– வாசகி, தென்காசி

பதில்: இரண்டு கண்ணிலும் வந்திருப்பதால், ஆர்.பி.1 என்ற மரபணுவின் ஒரு பிரதி உங்கள் பையனுக்குப் பிறவியிலேயே கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று குழம்ப வேண்டாம். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அது புதிதாக விழுந்த பிழை. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது. நீங்கள் சாப்பிட்டதாலோ, செய்த வேலையாலோ, பார்த்த கிரகணத்தாலோ வந்ததல்ல.

இந்த மரபணு 13-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதிலிருந்து உருவாகும் ஆர்.பி. புரதம், ஈ2எஃப் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். செல் பிரிய வேண்டிய நேரம் வந்தால் சி.டி.கே. நொதிகள் ஆர்.பி. மேல் பாஸ்பேட்டை ஏற்றும். பிடி தளரும், ஈ2எஃப் விடுபடும், டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும். ஆர்.பி. அறவே இல்லாத விழித்திரைச் செல்லில் பிடிப்பதற்கு ஆள் இல்லை. அது பிரிந்துகொண்டே இருக்கும்.

உங்கள் பையனுக்கு ஏன் இரண்டு கண்ணிலும், அதுவும் இவ்வளவு சின்ன வயதில்? அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆல்ஃபிரட் நட்சன் 1971-இல் 48 குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகளை வைத்து இதைக் கணக்குப் போட்டார். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களைவிட இரண்டு கண்ணிலும் வந்தவர்களுக்கு நோய் முன்கூட்டியே தெரிந்திருந்தது. வயதுக்கு எதிரே வரைபடம் போட்டுப் பார்த்தால், முன்னவர்களின் கோடு ஒரே செல்லில் இரண்டு பிழை தற்செயலாகச் சேர வேண்டிய கணக்குக்கு ஒத்துப்போனது. பின்னவர்களின் கோடோ ஒரே ஒரு பிழைக்காகக் காத்திருக்கும் கணக்கு. ஏனென்றால் முதல் பிழை அவர்களுக்குப் பிறவியிலேயே எல்லாச் செல்லிலும் இருக்கிறது. விழித்திரையில் பல லட்சம் செல்கள் பிரிந்து வளரும்போது அவற்றில் ஏதோ சிலவற்றில் இரண்டாவது பிரதியும் போவது ஏறக்குறைய நிச்சயம். அப்படிப்பட்ட குழந்தைக்குச் சராசரியாக 3 கட்டி உருவாகும் என்பது நட்சனின் மதிப்பீடு. சராசரி 3 என்றால், அதிர்ஷ்டத்தால் ஒன்றுமே வராமல் தப்பும் குழந்தையும் உண்டு என்று அர்த்தம். மனித மரபணுவைப் பிரித்தெடுக்க வழியில்லாத காலத்தில், பேப்பரும் பென்சிலும் வைத்துப் போட்ட கணக்கு இது. 1986-இல் மரபணுவையே பிரித்தெடுத்தபோது கணக்கு சரி என்று தெரிந்தது.

இரண்டாவது பிரதி போகும் விதமும் கவனிக்க வேண்டியது. முதல் பிழை பெரும்பாலும் ஓர் எழுத்து மாறிய அளவுக்குச் சின்னது. இரண்டாவது அப்படி அல்ல. செல் பிரியும்போது நல்ல பிரதி இருந்த குரோமோசோமே தொலைந்துபோகும், அல்லது அதன் ஒரு துண்டு போய்விடும், அல்லது கெட்ட பிரதி இருந்த துண்டே இரண்டு தடவை வந்து உட்கார்ந்துகொள்ளும். சிலரிடம் முதல் பிழையே பெரிதாக இருப்பதும் உண்டு, அதனால் ஆய்வகத்தில் ஓர் எழுத்துப் பிழையை மட்டும் தேடினால் போதாது. பெரிய துண்டு விடுபட்டிருக்கிறதா என்று எம்.எல்.பி.ஏ. சோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் பையனின் ரத்தத்தில் ஆர்.பி.1 சோதனை. அந்தப் பிழை, அதாவது திரிபு, இன்னது என்று தெரிந்துவிட்டால், உங்கள் இருவரின் ரத்தத்திலும் அதே திரிபை மட்டும் தேடலாம். இருவருக்கும் இல்லை என்று வந்தாலும் அடுத்த குழந்தைக்கான வாய்ப்பு பூஜ்யம் ஆகிவிடாது, குறையும். விந்தணு அல்லது கருமுட்டைகளில் ஒரு பகுதியில் மட்டும் பிழை ஒளிந்திருந்தால் ரத்தத்தில் தெரியாது. பெற்றோர் இருவரும் கண்மணியை விரிக்கச் செய்து விழித்திரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். தானாக அடங்கிப்போன பழைய கட்டியின் தழும்பு சிலரிடம் இருக்கும், அவர்களுக்கே தெரியாது.

வயிற்றில் உள்ள குழந்தைக்குப் பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்கலாம். அது வேண்டாம் என்றால், பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தை, உறையாமல் வைக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து அனுப்பச் சொல்லி இப்போதே பேசி வையுங்கள். திரிபு இல்லை என்று வந்தால் அந்தக் குழந்தையின் கண்ணைத் திரும்பத் திரும்ப மயக்கம் கொடுத்துப் பார்க்கும் வேலை மிச்சம். இருக்கிறது என்று வந்தால் முதல் 2 மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 1 வயது வரை மாதம் ஒருமுறை, அதன் பின் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 7 வயது வரை பார்க்க வேண்டும். கட்டி 2, 3 மில்லிமீட்டராக இருக்கும்போதே அகப்பட்டால் லேசரோ உறைய வைக்கும் சிகிச்சையோ போதும், பார்வையும் தப்பும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்கென்று பிரிவு உண்டு.

இரண்டு எச்சரிக்கை. கண்ணுக்குள் ஊசி விட்டு பயாப்சி எடுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். ஊசி வந்த வழியே கட்டி கண்ணுக்கு வெளியே பரவும். ஸ்கேன் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள், சி.டி. வேண்டாம். ஒரு பிரதி ஏற்கெனவே இல்லாத உடம்பில் கதிர்வீச்சு அடுத்த பிரதியையும் உடைக்கக்கூடும். வெளியிலிருந்து கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற இத்தகைய குழந்தைகளுக்கு, முக்கியமாக 1 வயதுக்குள் பெற்றவர்களுக்கு, பின்னாளில் எலும்புப் புற்று கூடுதலாக வந்திருக்கிறது. கதிர்வீச்சு இல்லாவிட்டாலும் அந்த ஆபத்து கொஞ்சம் உண்டு. பையன் வளர்ந்த பிறகு முழங்கால் வலி, வீக்கம் என்று சொன்னால் விளையாட்டில் அடிபட்டது என்று விட்டுவிடாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 2 வயதில் வலது கண்ணை இதே நோய்க்காக எடுத்துவிட்டார்கள். இப்போது 26 வயது, திருமணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?
– வாசகி, தர்மபுரி

பதில்: ஒரு கண்ணில் மட்டும், ஒரே கட்டியாக வந்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் அது பிறவித் திரிபு. மற்றவர்களுக்கு இரண்டு பிழையும் அந்தக் கண்ணுக்குள்ளேயே நடந்து முடிந்தது, பிள்ளைக்குப் போக வழியில்லை. நீங்கள் எந்தப் பக்கம் என்று அறிய, கண் எடுத்த மருத்துவமனையில் கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கட்டியில் இரண்டு திரிபையும் கண்டுபிடித்து, அவற்றில் ஏதாவது உங்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான வழி. பிளாக் கிடைக்காவிட்டால் ரத்தம் மட்டும். அதில் இல்லை என்று வந்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்தது என்று சொல்லலாம், முற்றிலும் போனது என்று சொல்ல முடியாது. பிறக்கும் குழந்தைக்குக் கண் பரிசோதனையைத் தொடர வேண்டியிருக்கும். இருக்கிறது என்று வந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரிப்போர்ட் கையில் வந்த பிறகு பேசுங்கள். அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்கு எந்த வாக்குறுதியும் தர வேண்டியதில்லை.

கேள்வி: அம்மாவுக்குச் சினைப்பைப் புற்று. பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஹை கிரேடு சீரஸ், பி53 மியூட்டன்ட் டைப், ஸ்ட்ராங் பாசிட்டிவ்' என்று இருக்கிறது. பி53 நல்ல புரதம் என்று படித்தேன். நல்லது நிறைய இருந்தால் நல்லதுதானே? இது எங்களுக்கும் வருமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அதிகம் குழப்பும் ரிப்போர்ட் இது. ஆரோக்கியமான செல்லில் பி53 உருவான சில நிமிடங்களிலேயே அழிக்கப்பட்டுவிடும். அழிக்கும் வேலை எம்.டி.எம்.2 என்ற புரதத்துக்கு. அந்த எம்.டி.எம்.2-ஐ உற்பத்தி செய்யச் சொல்வதே பி53-தான். டி.என்.ஏ. அடிபட்டால் இந்த அழிப்பு நிற்கும், பி53 சேரும், செல் பிரிவதை நிறுத்தும், பழுது பெரிதென்றால் செல்லையே சாகவைக்கும்.

கெட்டுப்போன பி53-க்கு எம்.டி.எம்.2-ஐ வரவழைக்கத் தெரியாது. தன்னை அழிப்பவர் இல்லாததால் அது செல்லுக்குள் குவிந்துகொண்டே போகும். சாயம் போட்டால் ஏறக்குறைய எல்லாப் புற்று செல்லின் உட்கருவும் அடர்ந்த பழுப்பாகத் தெரியும். ஆகவே 'ஸ்ட்ராங் பாசிட்டிவ்' என்பதற்கு வேலை செய்யாத பி53 குவிந்து கிடக்கிறது என்று பொருள். நல்ல பி53 இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, லேசும் அடர்த்தியுமாகப் பழுப்பு தெரியும். மூன்றாவது ஒரு வகை உண்டு. புற்று செல்லில் பழுப்பே இருக்காது. திரிபு காரணமாகப் புரதம் பாதியிலேயே நின்றுபோய் ஒன்றும் உருவாகவில்லை. இதுவும் மியூட்டன்ட் வகைதான். ஆனால் பழுப்பு இல்லாததற்குச் சாயம் சரியாகப் பிடிக்காததும் காரணமாக இருக்கலாம். அதனால் பேத்தாலஜிஸ்ட் அதே ஸ்லைடில் பக்கத்தில் இருக்கும் சாதாரண செல்கள் லேசாகப் பழுப்பாகியிருக்கின்றனவா என்று பார்ப்பார். அவையும் வெளுத்திருந்தால் அந்த ஸ்லைடை நம்பக்கூடாது.

சாயம் பிடிக்காமல் போவது பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஆய்வகத்துக்கும் நடுவில்தான். எடுத்த திசுவை 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், திசுவின் கன அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு திரவத்தில், 6 முதல் 72 மணி நேரம் வைக்க வேண்டும். நம் ஊர்களில் டப்பாவைச் சொந்தக்காரர் கையில் கொடுத்து வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்புவது சகஜம். உங்கள் கையில் கொடுத்தால், திசு முழுக்க மூழ்கியிருக்கிறதா, டப்பாவில் இருப்பது ஃபார்மலினா சலைனா, எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பெரிய கட்டியை அறுத்துத் திறக்காமல் அப்படியே ஊறப்போட்டால் நடுப்பகுதிக்கு ஃபார்மலின் போய்ச் சேராமல் அழுகிவிடும்.

பரம்பரையா என்ற கேள்விக்கு வருவோம். இந்த வகைச் சினைப்பைப் புற்றில் ஏறக்குறைய எல்லோருடைய கட்டியிலும் பி53 புரதத்தை உண்டாக்கும் டி.பி.53 மரபணு கெட்டிருக்கும். அது கட்டிக்குள் நடந்தது, உங்களுக்கு வராது. உங்கள் அம்மாவின் ரத்தத்தில் பார்க்க வேண்டியது பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2. இந்தப் புற்று வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும், வயது எதுவானாலும், குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும், இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்பதே இன்றைய நெறி. செய்யவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு பிரதியும் போனால்தான் ஆபத்து என்கிறது நட்சன் விதி. டி.பி.53-இல் ஒரு பிரதி கெட்டாலே பாதிப்பு என்கிறது எங்கள் பாடநூல். எது சரி?
– முதுகலை உயிர்வேதியியல் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும். பி53 தனியாக வேலை செய்யாது. நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு கூட்டாக டி.என்.ஏ.வில் உட்கார வேண்டும். ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி கெட்டது, இரண்டும் சம அளவில் உற்பத்தியாகிறது என்று வையுங்கள். நான்கு இடத்திலும் நல்லதே அமையும் வாய்ப்பு அரையை நான்கு முறை பெருக்கினால் வருவது, அதாவது 16-இல் 1. மீதி 15 கூட்டிலும் குறைந்தது ஒரு கெட்ட மூலக்கூறு இருக்கும். அதனால் ஒரு பிரதி போனதும் வேலை பாதியாகக் குறைவதோடு நிற்காமல் அதற்கும் கீழே இறங்கிவிடும். ஆனாலும் கட்டி வளர வளர மிச்சமிருக்கும் நல்ல பிரதியையும் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. 16-இல் 1 பங்குகூட அதற்கு இடைஞ்சல் என்று தெரிகிறது.

தேர்வுக்கு உதவாத ஒரு துணுக்கு: 1979-இல் கண்டுபிடித்தபோது பி53-ஐப் புற்றை வளர்க்கும் வகையில் சேர்த்துவிட்டார்கள். ஆய்வகங்கள் கையில் வைத்திருந்த மரபணுப் பிரதி கட்டியிலிருந்து எடுத்த, ஏற்கெனவே திரிந்த பிரதி. அது தெரிந்து, தடுப்பு வகைக்கு மாற்ற 1989 ஆகிவிட்டது.

கேள்வி: பூஞ்சை பிடித்த நிலக்கடலையை நன்றாக வறுத்துவிட்டால் சாப்பிடலாமா? ஈரல் புற்று வரும் என்கிறார்களே!
– வாசகர், விருத்தாசலம்

பதில்: வறுத்தால் பூஞ்சைதான் சாகும். அது உண்டாக்கிய அஃப்ளடாக்சின் சமையல் சூட்டுக்கு அசையாது. இந்த நஞ்சு ஈரலில் மாற்றமடைந்து டி.என்.ஏ.வில் குவானின் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். செல் நகலெடுக்கும்போது அந்த இடத்தில் எழுத்து மாறிவிடும். டி.பி.53-இல் 249-ஆவது இடம் இதற்கு அதிகம் பலியாகிறது. புரதத்தில் அங்கே ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் செரின் வந்துவிடும். சீனாவின் சில மாகாணங்களிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் ஈரல் புற்று வந்தவர்களின் கட்டியில் திரும்பத் திரும்ப இதே இடத்தில் இதே மாற்றத்தைப் பார்த்துத்தான் காரணம் அஃப்ளடாக்சின் என்று அடையாளம் கண்டார்கள். இப்படிக் கைரேகை விட்டுச் செல்லும் நஞ்சுகள் குறைவு.

ஹெபடைடிஸ் பி தொற்றும் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆபத்தைப் பல மடங்காக்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியைத் தவறவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

கடலை விஷயத்தில்: பறித்த காயை ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவையுங்கள், ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். மழையில் நனைந்த காயைத் தனியாக வையுங்கள். உடைந்தது, சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அதைச் செக்குக்குப் போடலாம், மாட்டுக்கு வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். புண்ணாக்கில் போனது பாலில் வரும்.

கேள்வி: எந்தக் கீரை, எந்தக் கஷாயம் சாப்பிட்டால் இந்த மரபணுக்கள் பலப்படும்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அப்படி எதுவும் இல்லை. கீரையைக் கீரைக்காகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. கருப்பைவாய்ப் புற்றுக்கான ஊசி மரபணுவையே மாற்றிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. போடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மரபணு வேலையில் தலையிடுவது வைரஸ், ஊசி அல்ல. எச்.பி.வி. என்ற அந்த வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளும் சேர்ந்து கருப்பைவாய்ப் புற்றில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம். இவை உண்டாக்கும் ஈ6 என்ற புரதம் பி53-ஐப் பிடித்து அழிவுக்கு அனுப்பும். ஈ7 என்பது ஆர்.பி.யைப் பிடித்து முடக்கும். ஒரு திரிபும் இல்லாமலேயே இரண்டு பெரிய தடுப்பும் காலி. ஆய்வகங்களில் 1951 முதல் வளர்ந்துகொண்டிருக்கும் ஹீலா செல்கள் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்தவை. அவற்றின் டி.பி.53 மரபணு இன்றும் நன்றாகவே இருக்கிறது, புரதம்தான் மிஞ்சுவதில்லை.

ஊசியில் இருப்பது வைரஸின் மேலோட்டுப் புரதம் மட்டும். உள்ளே டி.என்.ஏ. கிடையாது, ஈ6-ம் ஈ7-ம் கிடையாது. 9 முதல் 14 வயதுக்குள் 6 மாத இடைவெளியில் 2 டோஸ். 15 வயதுக்கு மேல் தொடங்கினால் 3 டோஸ் என்பது வழக்கமான அட்டவணை. 9 முதல் 20 வயது வரை ஒரே டோஸும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. ஏற்கெனவே ஒட்டிய தொற்றை இது போக்காது, ஆகவே காலாகாலத்தில் போடுங்கள். அப்படியே, உங்களுக்கு 30 வயது தாண்டியிருக்குமே, நீங்கள் எச்.பி.வி. சோதனை செய்துகொண்டீர்களா? தொற்றிலிருந்து புற்று வரை போக 10, 20 ஆண்டு ஆகும். நடுவில் பிடிக்க நிறைய அவகாசம் இருக்கிறது.

கேள்வி: யானைக்குப் புற்றுநோய் வராதாமே?
– பள்ளி மாணவன், முதுமலை அருகே மசினகுடி

பதில்: வரும், குறைவாக. நமக்கு டி.பி.53 இரண்டு பிரதி என்றால், ஆப்பிரிக்க யானைக்கு 40. அவற்றில் பெரும்பாலானவை பரிணாம வழியில் நகலாகிச் சேர்ந்த கூடுதல் பிரதிகள். டி.என்.ஏ. அடிபட்ட யானைச் செல், சரிசெய்ய முயல்வதைவிடச் சீக்கிரமே தன்னை முடித்துக்கொள்கிறது. நமக்கும் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று அடுத்துக் கேட்பாய். எலிகளில் பி53-ஐ எப்போதும் முடுக்கியே வைத்துப் பார்த்தார்கள், புற்று குறைந்தது, ஆனால் எலிகள் சீக்கிரம் கிழடாகின.

கேள்வி: அப்பாவின் தங்கைக்கு 38 வயதில் மார்பகப் புற்று, இன்னொரு அத்தைக்குச் சினைப்பைப் புற்று. அப்பா வழி என்பதால் எனக்குப் பயமில்லை என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: இல்லை. பி.ஆர்.சி.ஏ.1 இருப்பது 17-ஆவது குரோமோசோமில், பி.ஆர்.சி.ஏ.2 இருப்பது 13-இல். பால் குரோமோசோமில் இல்லை. அப்பாவிடம் திரிபு இருந்தால் உங்களுக்கும் உங்கள் அண்ணன் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களுக்கும் புராஸ்டேட் புற்றும், அரிதாக மார்பகப் புற்றும் வரும். அப்பா நலமாக இருப்பதால் அவரிடம் இல்லை என்று ஆகாது.

சோதனையை உங்களிடமிருந்து தொடங்காதீர்கள். நோய் வந்த அத்தை ஒருவருக்கு முதலில் செய்யுங்கள். அவரிடம் திரிபு கிடைத்தால் மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், பதிலும் தெளிவாக வரும். அவரைச் சோதிக்காமல் உங்களுக்கு 'இல்லை' என்று வந்தால், குடும்பத்தில் இருக்கும் திரிபு உங்களுக்கு வரவில்லையா, அல்லது அந்தச் சோதனைக்கு அகப்படாத வேறு மரபணுவா என்று சொல்ல முடியாது.

ரிப்போர்ட்டில் 'பேத்தோஜெனிக்' (நோய் தரும் திரிபு), 'லைக்லி பேத்தோஜெனிக்' (பெரும்பாலும் நோய் தரும் திரிபு) என்றால் மட்டுமே நடவடிக்கை. 'வி.யு.எஸ்.' என்று வந்தால் பொருள் தெரியாத மாற்றம் என்று அர்த்தம். அதை வைத்து மார்பகத்தையோ சினைப்பையையோ எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டு, 3 வருடம் கழித்து அதே மாற்றம் தீங்கற்றது என்று மறுவகைப்படுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். திரிபு உறுதியானால், 25 வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை மார்பக எம்.ஆர்.ஐ., 30 முதல் மேமோகிராமும் சேர்த்து. சினைப்பைக்கு நம்பத்தகுந்த கண்காணிப்பு இல்லை. பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவதுதான் வழி, பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40 முதல் 45-க்குள்.

கேள்வி: என் அக்காவுக்கு பி.ஆர்.சி.ஏ. திரிபு. ஓலாபரிப் மாத்திரை கொடுக்கிறார்கள். உடம்பு முழுக்க அந்தத் திரிபு இருக்கும்போது மாத்திரை புற்றை மட்டும் எப்படிக் கொல்லும்?
– வாசகர், சேலம்

பதில்: நல்ல கேள்வி. உங்கள் அக்காவின் சாதாரண செல்லில் ஒரு பிரதி கெட்டது, ஒரு பிரதி நல்லது. புற்று செல்லில் இரண்டும் இல்லை. டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் முறிந்தால் பிசகில்லாமல் ஒட்டும் வழி பி.ஆர்.சி.ஏ. வழிதான். ஓலாபரிப், டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய உதவும் பார்ப் என்ற நொதியை டி.என்.ஏ. மேலேயே சிக்க வைக்கும். நகலெடுப்பு அதில் மோதி இழைகள் முறியும். சாதாரண செல் தன் நல்ல பிரதியை வைத்து ஒட்டிக்கொண்டு பிழைக்கும். புற்று செல்லுக்கு வழியில்லை.

எப்போது தோற்கும்? புற்று செல்லில் இன்னொரு திரிபு விழுந்து, பி.ஆர்.சி.ஏ. புரதம் மறுபடி உருவாகத் தொடங்கினால் மாத்திரை பலிக்காது. வழக்கமான அளவு 300 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 2 வேளை. கடுமையான தொந்தரவுகளில் அதிகம் வருவது ரத்தசோகைதான், முதல் ஓராண்டு மாதாமாதம் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். வேளை தவறினால் அடுத்த வேளை சேர்த்துப் போடக் கூடாது.

கேள்வி: அப்பாவின் பெருங்குடல் பயாப்சியில் 'எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 லாஸ்' என்று இருக்கிறது. பரம்பரை நோய் என்று பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசரப்படாதீர்கள். 'லாஸ்' என்றால் பழுது பார்க்கும் அந்த இரண்டு புரதமும் கட்டியில் இல்லை என்று அர்த்தம். இங்கே மரபணு கெடாமலேயே வாயடைத்துப் போயிருக்கலாம். எம்.எல்.எச்.1-இன் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் ஒட்டிக்கொண்டால் செல் அதைப் படிக்காது. முதியவர்களிடம் இது சகஜம், பிள்ளைகளுக்குப் போவதில்லை. பி.எம்.எஸ்.2 தனியாக நிற்காது, எம்.எல்.எச்.1 போனால் அதுவும் போகும். அதனால் இரண்டு 'லாஸ்' என்று பதற வேண்டாம். அடுத்து அதே பிளாக்கில் பிராஃப் என்ற மரபணுவின் வி600ஈ திரிபும் எம்.எல்.எச்.1 மெத்திலேற்றமும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் பரம்பரை வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டும் இல்லையென்றால் குடல் புற்றைப் பரம்பரையாகக் கொண்டுவரும் லின்ச் நோய்க்கு ரத்தத்தில் சோதனை. எப்படியிருந்தாலும் இந்த ரிப்போர்ட்டில் ஒரு நன்மை உண்டு: நோய் பரவிய நிலையில் பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி இத்தகைய கட்டிகளில் நன்றாகவே வேலை செய்கிறது.

கேள்வி: தாய்மாமனைக் கட்டிக்கொண்டால் பிள்ளைக்குப் புற்றுநோய் வருமா?
– வாசகி, மதுரை

பதில்: ஆர்.பி.1, பி.ஆர்.சி.ஏ. போன்றவற்றுக்கு ஒரு பெற்றோரிடமிருந்து ஒரு கெட்ட பிரதி போதும், சொந்தமா அசலா என்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் பிறக்கும்போதே இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் மட்டும் வரும் நோய்கள் தனியாக உண்டு: ஃபேன்கோனி ரத்தசோகை, வெயிலே ஆகாத சீரோடெர்மா பிக்மென்டோசம், சிறு வயதிலேயே மூளை, குடல், ரத்தப் புற்று கொண்டுவரும் எம்.எம்.ஆர். (எம்.எல்.எச்.1 போன்ற டி.என்.ஏ. பழுது பார்க்கும் மரபணுக்கள்) குறைபாடு. மாமன்–மருமகள் பிள்ளைக்கு எந்த ஒரு மரபணுவிலும் ஒரே மூதாதையின் பிரதி இரண்டும் வந்து சேரும் வாய்ப்பு 8-இல் 1, அத்தை மகன்–மாமன் மகள் பிள்ளைக்கு 16-இல் 1. குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை இருந்தால் திருமணத்துக்கு முன் இருவரும் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: தொலைந்த மரபணுவைத் திருப்பி வைத்துவிட்டால் தீர்ந்ததே! ஏன் செய்வதில்லை?
– வாசகர், பெங்களூரு

பதில்: செய்து பார்த்தார்கள். அடினோ வைரஸில் டி.பி.53-ஐ ஏற்றிக் கட்டிக்குள் ஊசியாகப் போடும் ஜென்டிசின் என்ற மருந்துக்குச் சீனா 2003-இல் அனுமதி தந்தது. சிக்கல் என்னவென்றால், கட்டியின் ஒவ்வொரு செல்லுக்கும் போய்ச் சேர வேண்டும். விட்டுப்போன செல்கள் மறுபடி வளரும். தப்பிப் பரவிய செல்களை ஊசி எட்டாது. இருப்பதைத் தடுப்பது மருந்துக்கு எளிது, இல்லாததை உண்டாக்குவது கடினம். அதனால்தான் இந்த மரபணுக்கள் போனதால் கட்டிக்கு எங்கே பலவீனம் வந்தது என்று தேடும் வழிதான் இதுவரை அதிகம் பலித்திருக்கிறது. ஓலாபரிப் அதற்கு உதாரணம். எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு: மார்பகப் புற்றுக்குத் தரும் பல்போசிக்லிப், ரிபோசிக்லிப் ஆகியவை ஆர்.பி.யின் பிடியை இறுக்கி வேலை செய்பவை. ஆர்.பி.யே இல்லாத கட்டியில் அவற்றால் பயனில்லை.

கேள்வி: ரத்தம் ஏற்றிய பிறகு மரபணு சோதனை செய்யலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: ரத்தம் ஏற்றியிருந்தால் தேதியை விண்ணப்பத்தில் எழுதுங்கள், சில ஆய்வகங்கள் கொஞ்ச நாள் இடைவெளி கேட்கும். பிறரிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றியிருந்தால் ரத்தம் உதவாது, வருவது கொடுத்தவரின் டி.என்.ஏ. எச்சிலிலும் அவருடைய செல்கள் கலந்திருக்கும். தோலில் சிறு துண்டு எடுத்து, செல் வளர்த்துச் சோதிக்க வேண்டும். ரத்தப் புற்று உள்ளவர்களுக்கும் இதே முறைதான்.